மீட்டருக்குத் தெரியாத தூரம்

எர்தெனெத்தில், செம்புச் சுரங்கத்துக்குப் போகும் சாலையில்
துருவேறிய கப்பல் பெட்டி ஒன்றுதான் என் பட்டறை.
வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்:
எண்ணெய் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

டப்பாவில் பத்தாயிரம் என்று அச்சடித்திருக்கிறான்.
அவன் டப்பா விற்கிறவன்.
ஜனவரி விடியலில் இங்கே வந்து
ஒரு எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தவன் இல்லை.
நான் ஐயாயிரம் என்பேன்.
முகம் சுளித்தால் ஏழு.
லாரிக்காரர்களிடம் வாயே திறப்பதில்லை,
எப்படியும் அவர்கள் கேட்கப்போவதில்லை.

யாஞ்மா வந்தது மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை.
வெளிறிய நீலத்தில் கொரியக் கார்.
பானெட் மேல் இன்னும் அவிழ்க்காத கம்பளிப் போர்வை,
அதன் ஓரத்தில் சிவப்பு நூலால் போட்ட ஒட்டு.
"விளக்கு எரிகிறது," என்றாள்.

கதவோரம் நான் ஒட்டிய சீட்டைப் பார்த்தேன்.
அக்டோபரில் மாற்றியது.
அதன் பிறகு ஓடியது
அறுநூற்றுப் பன்னிரண்டு.
தேன் நிறம்கூட இன்னும் மாறியிருக்கக் கூடாது.

அளவுகோலை உருவினேன்.
நுனியில் கொஞ்சம் ஈரம், அதுவும் கரி.
விரலிடுக்கில் தேய்த்தேன், நறநறத்தது.
மோந்தேன், பெட்ரோல்.
எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.
"மீட்டரைக் குறைத்தது யார்?" என்றேன்.
"விற்கப் போகிறாயா?"

"வண்டி எங்கும் போகவில்லை," என்றாள்.
"நின்றுகொண்டிருந்தது."

ஆஸ்பத்திரி வாசலில்.
இரவில் உள்ளே விடமாட்டார்களாம்.
மூன்றாம் மாடி, இடமிருந்து நாலாவது ஜன்னல்,
விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் தெரியுமாம்.
அணைத்தால் காலையில் கிளம்பாது.
அணைத்தால் அவளும்தான்.
அணைக்கவில்லை.

"எத்தனை ராத்திரி?"
அவள் விரல் விடவில்லை.
எண்ணி முடித்தே வைத்திருந்தாள்.
"நாற்பத்தொன்று."

நின்றபடி ஒரு மணி நேரம் ஓடினால்
நாற்பது கிலோமீட்டர் என்று நாங்கள் வைத்துக்கொள்வோம்.
ஐம்பது என்பவர்களும் உண்டு.
ராத்திரிக்குப் பத்து மணி நேரம்.
சாக்பீஸ் எடுத்துப் பெட்டியின் சுவரில் போட்டேன்:
பதினாறாயிரத்து நானூறு.
உலான்பாதருக்கு நாற்பத்து நாலு தடவை.

அவள் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"நடுவில் ஒருநாள் திரையை மாற்றினார்கள்," என்றாள்.
"பச்சை. அன்றைக்கு ஜன்னலே பிடிபடவில்லை."

அடியில் படுத்துத் திருகாணியைக் கழற்றினேன்.
தார் மாதிரி விழுந்தது,
பிறகு நூலாக, பிறகு சொட்டாக.
கடைசிச் சொட்டுக்குக் காத்திருக்கிற பொறுமை
எனக்குக் கிடையாது; அன்று காத்திருந்தேன்.
உள்ளே இருந்தது யார் என்று அவள் சொல்லவில்லை.
நான் வண்டியின் வயிற்றைப் பார்த்தபடி கிடந்தேன்.
அங்கிருந்து அவள் பூட்ஸ் மட்டும் தெரிந்தது,
இடது கால் நாடா அவிழ்ந்து.

புது ஃபில்டர். நாலு லிட்டர்.
புதுச் சீட்டில் அடுத்த தவணையை எழுத வேண்டும்.
பேனா உறைந்திருந்தது, வாயில் வைத்துச் சூடேற்றினேன்.
"இனியும் நிற்குமா?"
"நிற்காது," என்றாள். "இனி ஓடும், அவ்வளவுதான்."

பின்சீட்டில் ஆண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி இருந்தது,
விலைச் சீட்டு கிழிக்காமல்.
அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
ஐயாயிரம் என்று எழுதினேன்.
போர்வையை அவிழ்த்து மடித்து
அந்தச் செருப்பின் மேலேயே வைத்தாள்.
போகும்போது ஹாரன் அடித்தாள்,
அல்லது கை பட்டிருக்கலாம்.

கணக்கு சுவரில் இன்னும் இருக்கிறது,
மேலே எவனோ ஒருவனின் பிரேக் பாக்கியோடு.
அடுத்து வந்தவன் வெள்ளை ஜீப்.
"பத்தாயிரம்தானே?" என்றான்.
"எங்கே நிறுத்துவாய்?" என்றேன்.
"அதுக்கும் இதுக்கும் என்ன?" என்று
கடிகாரத்தைப் பார்த்தான்.